ஆகாயத்தாமரை ஈயத்தை எடுக்குமா? நீர்ச்செடிச் சுத்திகரிப்பு: கேள்வி பதில்

கேள்வி: 1,000 லிட்டர் தொட்டி. ஈயம் லிட்டருக்கு 1 மி.கி. எவ்வளவு ஆகாயத்தாமரை போடணும் சார்?

பதில்: தொட்டியில் இருப்பது மொத்தம் 1 கிராம் ஈயம். உலர்ந்த செடி கிலோவுக்கு 1,000 மி.கி. பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 1 கிலோ உலர் எடை தேவை. செடியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். ஆகவே பச்சையாக 20 கிலோ. ஈயம் குறையக் குறைய உறிஞ்சும் வேகமும் குறையும் என்பதால் இதன் இருமடங்கு வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 0.01 மி.கி.; அதற்குச் செடியை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: முதல் வாரம் பாதியாகக் குறைந்தது, பிறகு திரும்ப ஏறிவிட்டதே?

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். அழுகிய வேரும் இலையும் பிடித்ததைத் திரும்ப விட்டிருக்கும். அல்லது தண்ணீர் வற்றியிருக்கும். இந்தச் செடி இலை வழியே நிறைய நீரை ஆவியாக்கும், உலோகம் தொட்டியிலேயே தங்கிச் செறிவு கூடும். மட்டத்தைக் கோடிட்டு வைத்து, மாதிரி எடுக்கும் முன் வாலைவடிநீர் ஊற்றிச் சரிசெய்து கலக்குங்கள். பழுத்த செடியை வேரோடு எடுங்கள். உலோகத்தில் பெரும்பங்கு வேரில்தான் இருக்கும், இலையை மட்டும் கிள்ளிப் பயனில்லை. பக்கத்தில் செடி இல்லாத தொட்டி ஒன்றும் கட்டாயம். நடுநிலை நீரில் ஈயம் தானாகவே கொஞ்சம் அடியில் படியும். அதையும் செடியின் கணக்கில் எழுதுபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: குரோமியக் கழிவுநீர், பிஎச் 3. போட்ட செடியெல்லாம் கருகுகிறது.

பதில்: கருகத்தான் செய்யும். சுண்ணாம்பு போட்டால் அமிலம் தணியும், ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் (நீரில் கரையும், நச்சு மிகுந்த வடிவம்) கரைந்தே நிற்கும். அந்த அமில நிலையிலேயே ஃபெரஸ் சல்ஃபேட் (இரும்பு உப்பு) கலந்து அதை மூன்று இணைதிறனுக்கு மாற்றுங்கள். பிறகு சுண்ணாம்பால் பிஎச் 8–9க்கு ஏற்றினால் சேறாகப் படியும். தெளிந்த நீரை 7க்கு இறக்கி, மிச்சத்துக்கு மட்டும் செடி.

கேள்வி: ஆர்சனிக் உள்ள நீரில் செடி செழிக்க டிஏபி போடலாமா அண்ணா?

பதில்: கூடாது தம்பி. டிஏபி பாஸ்பேட் உரம். ஆர்சனேட் (நீரில் ஆர்சனிக் இருக்கும் ஒரு வடிவம்) வேருக்குள் நுழைவது பாஸ்பேட்டின் வழியில்தான். பாஸ்பேட் கூடினால் ஆர்சனிக் வெளியே நிற்கும்.

கேள்வி: எடுத்த செடியை உரமாக்கலாமா? எரிக்கலாமா?

பதில்: உரம், மாட்டுத்தீவனம் இரண்டும் வேண்டாம். திறந்தவெளியில் எரித்தால் காட்மியம் புகையோடு போகும், மற்றவை சாம்பலில் செறியும். மண்ணில் படாமல் தார்ப்பாயில் உலர்த்துங்கள், மழை நனையக்கூடாது. எடை இருபதில் ஒரு பங்காகும். மூட்டை கட்டி, அபாயக் கழிவுகளைப் புதைக்கும் நிலத்துக்கு அனுப்புங்கள். ஒரு துண்டுகூட ஏரி, வாய்க்காலில் விழவேண்டாம்; ஆகாயத்தாமரை நுழைந்த நீர்நிலையை மீட்பது தனிப் பாடு.