‘அதை விடுங்கள்’ என்று நீங்கள் தாண்டிய வரி

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கூப்பிட்டால் ‘ம்’ என்று ஒரே எழுத்தில் பதில். அதுவும் மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு. கைபேசியைப் பார்த்து மட்டும் கலகலவென்று சிரிக்கிறாள். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகின்றன.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று முறை கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாளே எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டாள். நள்ளிரவில் எழுந்து பார்த்தால் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. கேட்டால், “நீயும்தானே பாக்கற” என்கிறாள். நான் பார்ப்பதும் அவள் பார்ப்பதும் ஒன்றா? என் கணவரோ, ‘வயது அப்படி, விட்டுவிடு’ என்று நகர்ந்துவிடுகிறார். கெட்ட பெயர் எல்லாம் எனக்கு மட்டும்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவளுடைய வாட்ஸ்அப்பை என் மடிக்கணினியில் இணைத்துக்கொண்டேன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? பெரும்பாலும் வெட்டிப் பேச்சுதான். போன வாரம் ஒரு தோழிக்கு, “அம்மாகிட்ட சொன்னா போனைத்தான் புடுங்குவாங்க, அதான் சொல்லல. நானே பாத்துக்கறேன்” என்று எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய செய்திகளை அழித்துவிட்டிருந்தாள். அதை விடுங்கள், பெற்ற தாயைப் பற்றி வெளியாளிடம் இப்படிப் பேசும் அளவுக்கு வந்துவிட்டாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் கைபேசியை ஆசையாக வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். நான் கண்டிப்பாக இருப்பது தவறா? மறுபடியும் அதைப் பூட்டி வைக்கட்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, பெற்ற பிள்ளையின் சிரிப்பைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பது எளிதான காரியமல்ல. ஆனால், ‘அதை விடுங்கள்’ என்று சொல்லி நீங்கள் தாண்டிப் போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அந்தச் செய்தியில் உங்களைப் பற்றி இருந்த குறை உங்களைச் சுட்டுவிட்டது. அதனால், ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவள் முடித்திருப்பது உங்கள் கவனத்தில் நிற்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது எது?

அது வெறும் தோழிகள் சண்டையாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால், இணையத்தில் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள் எப்படி நெருங்குகிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தன்னையும் அதே வயதுள்ள ஒருவராகக் காட்டிக்கொண்டு பேச்சு தொடங்கும். பாராட்டும் பரிவும் வரும். சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, வேறொரு செயலிக்கு வரச் சொல்லி ஒரு படம் கேட்பார்கள். அந்தப் படம் கைக்கு வந்ததும், பிள்ளையின் நண்பர்கள் பட்டியலைத் திரைப்படியாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அவளுக்கே அனுப்பி, ‘இவர்கள் எல்லோருக்கும் போகும்’ என்பார்கள். அதற்குப் பிறகு பணமோ மேலும் படங்களோ கேட்பார்கள். அந்த நிமிடத்தில் பிள்ளை ஒரே ஒரு கணக்குத்தான் போடும்: வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? ‘பிடுங்குவார்கள்’ என்ற விடை அதற்கு முன்பே மூன்று முறை கிடைத்திருந்தால், வாய் திறக்குமா? மிரட்டுகிறவர் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான். கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அலமாரிப் பூட்டு இதுவரை உங்களைவிட அப்படிப்பட்டவர்களுக்கே அதிகம் உதவக்கூடியதாக இருந்திருக்கிறது.

உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளையைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால், 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 16-ஆவது பிரிவில், பிள்ளைகளின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் எவரும் முறையின்றித் தலையிடக் கூடாது என்கிறது. அவளுக்குத் தெரிந்து, அவளோடு உட்கார்ந்து பார்ப்பது மேற்பார்வை. குளிக்கப் போன நேரத்தில் செய்தது வேறு. இதில் நீங்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்தால், எந்தக் கணினி இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்பது அவளுடைய கைபேசியிலேயே தெரியும். வைஃபை கடவுச்சொல்லை ஒரே நாளில் தெரிந்துகொண்ட பெண் அதைப் பார்க்காமல் இருந்திருப்பாளா? முந்தைய செய்திகளை அவள் அழித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால், கொஞ்ச நாட்களாகவே நீங்கள் படித்தது அவள் உங்களுக்கென்று விட்டுவைத்ததை மட்டும்தான்.

ஆகவே, கைபேசியைப் பூட்டாதீர்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், ‘உனக்குத் தெரியாமல் உன் செய்திகளைப் படித்தேன், அது தவறு’ என்று சொல்லுங்கள். பிறகு, ‘நீ என்ன அனுப்பியிருந்தாலும், யார் உன்னிடம் என்ன கேட்டிருந்தாலும், அதற்காக இந்தக் கைபேசியை வாங்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த பிறகு நெஞ்சு பதறும் ஒரு செய்தி வந்தாலும் அந்த வாக்கை மீறக் கூடாது. மீறினால், அவள் இனி உங்களிடம் எதையும் கொண்டு வர மாட்டாள்.

நான் அஞ்சியபடியே அது மிரட்டலாக இருந்தால், பணமோ இன்னொரு படமோ அனுப்ப வேண்டாம். உரையாடலை அழிக்கவும் வேண்டாம். திரைப்படிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைப் பற்றி அந்தச் செயலியிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்து, பிறகு தடை செய்யுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க, ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவை இயங்குகிறது. படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் எண்வடிவக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாகி, அச்சேவையில் இணைந்துள்ள தளங்களுக்குப் போகும். அவள் உயிரை வெறுத்துப் பேசினால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரவு வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையைத் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணின் மனவுறுதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் பார்ப்பதும் அவள் பார்ப்பதும் ஒன்றா என்று கேட்டீர்கள். தூக்கத்தைக் கெடுப்பதில் ஒன்றுதான், சகோதரி. படுக்கும் முன் வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் முதலில்.

ஆனால், அதை இன்றே பேச வேண்டாம். இன்று மடிக்கணினியை அவள் அறைக்கு எடுத்துச் சென்று, அந்த இணைப்பை அவள் கையாலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும் அவள் ‘ம்’ என்று மட்டும் சொன்னால், எழுந்து வந்துவிடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.