காலேஜை மூடுகிறார்கள், மகள் ஒரு வருடம் கழித்துப் படிக்கிறேன் என்கிறாள்

கேள்வி: அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் 11 வருடங்களாக இருக்கிறோம். மகள் இங்கேயே, வீட்டிலிருந்து 15 நிமிடத் தூரத்தில், அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு வளாகத்தில் படிக்கிறாள். இந்த செமஸ்டரையும் சேர்த்தால் 51 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கணக்கில் சேரும் புள்ளி) ஆகும். வருகிற ஜூனோடு இங்கே நேரடி வகுப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். "ஒரு வருஷம் வேலைக்குப் போறேன், அப்புறம் பார்க்கலாம்" என்கிறாள் மகள். "அப்பவே பெரிய யுனிவர்சிட்டியில சேர்த்திருக்கணும்" என்று கணவர் தினமும் குத்திக்காட்டுகிறார். ஊர்க்காரர்கள் மனு, கூட்டம் என்று இறங்கியிருக்கிறார்கள். அதில் நானும் சேரலாமா? ஊரிலிருந்து மாமியார் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் வீட்டுக்காரரின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். விஸ்கான்சினில் இருந்த 13 இரண்டாண்டு வளாகங்களையும் 2018-ல் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைத்தார்கள். அவற்றைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போது சொன்னார்கள். ஆனாலும் மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. ரிச்லேண்ட் வளாகத்தில் சுமார் 60 பேர்தான் மிஞ்சினார்கள். 2022 நவம்பரில் அறிவித்து, 2023 கோடையோடு அங்கே நேரடி வகுப்புகளை நிறுத்தினார்கள். பிறகு ஃபான் டு லாக், வாஷிங்டன் கவுன்டி, வாக்கிஷா என்று வரிசை நீண்டது. அறிகுறி இருந்தது என்பது உண்மைதான். ஆனால் குறைந்த கட்டணத்தில், வீட்டிலிருந்தே போய்வந்து முதல் இரண்டு வருடத்தை முடிப்பது கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் எடுக்கிற முடிவு. இதை அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். மறுபடி ஆரம்பித்தால் பதில் சொல்ல வேண்டாம், வேலை நிறைய இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது உங்கள் மகள் கேட்கிற அந்த ஒரு வருடம்தான். 2004 முதல் 2020 வரை அமெரிக்காவில் மூடப்பட்ட கல்லூரிகளின் மாணவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஓர் ஆய்வு பார்த்தது. ஏறக்குறைய 1,43,000 பேர். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே, 47 சதவீதம் பேர், வேறெங்காவது மறுபடி சேர்ந்தார்கள். சூட்டோடு சூடாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகமாகப் படித்தும் முடித்தார்கள். அந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை லாபத்துக்கு நடந்த தனியார் கல்லூரிகள், பல திடீரென்று பூட்டப்பட்டவை. உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை, உங்கள் வளாகம் இணைந்திருக்கும் தாய்ப் பல்கலைக்கழகம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் சம்பளம் கையில் வர ஆரம்பித்து, காருக்குத் தவணை கட்ட ஆரம்பித்தால் அந்த ஒரு வருடம் எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? வேலைக்குப் போகட்டும், தப்பே இல்லை. கூடவே ஒரு பாடமாவது படிக்கட்டும்.

இப்போது அந்த 51. இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 கிரெடிட் வேண்டும். இன்னும் 9, அதாவது மூன்று பாடம். கோடையில் தாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் அவற்றை முடிக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விஸ்கான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களின் இரண்டாண்டுப் பட்டம் கையில் இருந்தால், அதே அமைப்பில் எங்கே போனாலும் பொதுப் பாடங்கள் முடிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பட்டம் இல்லாமல் உதிரிக் கிரெடிட்டோடு போனால் ஒவ்வொரு பாடமாக உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருக்கும்.

அந்தப் பேரத்துக்கும் தயாராகவே இருங்கள். மதிப்பெண் பட்டியல் பற்றிப் பயம் வேண்டாம், அது தாய்ப் பல்கலைக்கழகத்தின் பதிவில் இருக்கும். கிடைக்காமல் போவது சிலபஸ்தான். எந்த வாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், லேப் எத்தனை மணி நேரம் என்று எழுதிய அந்த நாலு பக்கம் பல சமயம் ஆசிரியரின் கணினியில் மட்டுமே இருக்கும். அவர் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டால், கல்லூரி மின்னஞ்சலையும் முடக்கிவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது? இதுவரை படித்த எல்லாப் பாடத்துக்கும் சிலபஸை இப்போதே வாங்கி, உங்கள் வீட்டுக் கணினியில் போட்டுவையுங்கள். கல்லூரிக் கணக்கில் மட்டும் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். இரண்டு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்கிவிடட்டும்.

மூடும் இடத்து மாணவர்கள் படிப்பை எங்கே, எப்படி முடிப்பது என்ற திட்டத்தை அங்கே 'டீச்-அவுட்' என்பார்கள். அது எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு வளாகத்துக்குப் போனால் பழைய கட்டணமா புதுக் கட்டணமா, உதவித்தொகை தொடருமா, இரண்டுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று சொன்னவர் ஆகஸ்டில் அந்த நாற்காலியில் இருப்பார் என்று நம்பாதீர்கள், அவருக்கும்தான் வேலை போகிறது. மத்திய அரசின் கல்விக்கடன் வாங்கியிருந்தால், படிக்கும் இடம் மூடப்படும்போது கடனைத் தள்ளுபடி செய்யும் வழி ஒன்று உண்டு. ஆனால் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் அதே படிப்பை முடித்தால் பொதுவாக அது கிடைக்காது. உங்கள் மகளைப் பொறுத்தவரை கடனைவிடக் கிரெடிட்தான் பெரிசு என்பது என் கணிப்பு.

கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். வெர்மாண்ட் மாநிலத்தில் 2020 ஏப்ரலில் அரசுக் கல்லூரிகளின் மூன்று வளாகங்களை மூடத் திட்டமிட்டார்கள். கொரோனா காலம், கூட்டம் கூட முடியாது. ஜனங்கள் காரில் போய் ஹாரன் அடித்தே எதிர்ப்பைக் காட்டினார்கள். திட்டம் வாபஸ் ஆனது, அதைக் கொண்டுவந்த சான்சலரும் (அந்தக் கல்லூரிகளின் நிர்வாகத் தலைவர்) பதவி விலகினார். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கல்லூரிகளை ஒரே பல்கலைக்கழகமாக இணைத்தார்கள். ஆக, மனு எப்போதும் வீண் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊர் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வியும் தருகிறேன்: கட்டடம் இனி என்ன ஆகும்? விஸ்கான்சினில் இந்த வளாகங்களின் கட்டடங்கள் உள்ளூர் நிர்வாகத்தின் சொத்து, அதாவது உங்கள் வரிப்பணம். பாடம் நடத்துவது மட்டும்தான் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அந்த இடத்தில் என்ன வரலாம் என்று பேச உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஒன்று மட்டும், வளாகம் தப்பிவிடும் என்று நம்பி மகளின் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மனு ஒரு பக்கம் போகட்டும், அட்மிஷன் வேலை இன்னொரு பக்கம் நடக்கட்டும்.

மாமியார் கேட்டால், இரண்டாண்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு காலேஜுக்கு மாறுகிறாள் என்று சொல்லுங்கள். அந்த மூன்று பாடத்தையும் முடித்துவிட்டால் அதில் பொய் ஒன்றும் இல்லையே.