அவரை பூக்காததற்குக் கைராசி காரணமில்லை

கேள்வி: கடந்த கார்த்திகையில் பணி ஓய்வு பெற்றேன். பொழுது போக வேண்டுமே என்று தை மாதம் மொட்டை மாடியில் முப்பது பைகளில் தோட்டம் போட்டேன். பங்குனியில் தக்காளி கொஞ்சம் காய்த்தது. சித்திரை பிறந்ததும் பூவெல்லாம் உதிர்கிறது. பந்தலில் ஏற்றிய அவரை மாடியையே மூடிவிட்டது, ஆனால் ஒரு பூ இல்லை. கடலைப் பிண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டேன். ஓய்வு பெற்ற அன்று நண்பர் பூவோடு கொடுத்த செங்காந்தள் தை மாதமே காய்ந்துபோனது. வெறும் தொட்டிதான் நிற்கிறது. "உங்களுக்குக் கைராசி இல்லை" என்கிறார் மனைவி. அலுவலகத்தில் 34 ஆண்டுகள் ஒரு கோப்பைக்கூடத் தேங்கவிட்டதில்லை. இங்கே எதுவுமே நகரவில்லை. தோட்டத்தைக் கலைத்துவிடலாமா?
- ஓய்வு பெற்ற அரசு ஊழியர், திருச்சி

பதில்: ஐயா, முதலில் அந்தப் பிண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். மீன் அமிலத்தையும்தான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் அவரைக்கு நோய் இல்லை, குறை இல்லை. பட்டினியும் இல்லை. சொல்லப்போனால் அதிகம் சாப்பிட்டுவிட்டது. தழைச்சத்தை ஊற்ற ஊற்ற அது தழையாகவே திருப்பித் தருகிறது. பூ வராததற்குக் காரணம் வேறு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் எண்ணமே வரும். திருச்சிப் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. மின்விளக்கைப் போட்டுக்கொண்டு அலைகிறோம். அவரைக்குத் தெரிகிறது. தையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் அது பூக்கிற காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். நீங்கள் ஆறு மாதம் முன்னதாகவே விதைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறீர்கள்.

எனக்கும் இதைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் கொல்லைப் பந்தலில் நானும் இப்படித்தான் புரட்டாசி முழுக்கத் தினம் தினம் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பனி இறங்கட்டும், நீ போய் வேலையைப் பார்" என்றார் மாமியார். பிறகு ஒரு மார்கழி விடியலில் கோலம் போட்டு முடித்துக் கொல்லைக்குப் போனபோது, இலைகளுக்கு மேலே குச்சி குச்சியாக ஊதாப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. அடியில் பூத்தவை உதிர்ந்து, நகக்கண் அளவு பிஞ்சு வைத்திருந்தன. நுனியில் இன்னும் மொட்டு. கூடவே, காம்பு முழுக்கக் கறுப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வேப்பெண்ணெய்க் கரைசலோடு ஓடினேன். மாமியார் தடுத்து, பொறிவண்டு ஒன்றைக் காட்டினார். அது நின்ற இடத்திலேயே அசுவினியை மென்றுகொண்டிருந்தது.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது பனிக்கு மட்டும் இரண்டைக் கொடுத்தார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. திருச்சி வெயிலில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நம் ஊர்ப் பனி என்பது விடியற்காலையில் இலை நனைவது, அவ்வளவுதான். ஆனால் பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் விழுவது அந்தக் காலத்தின் தயவில்தான். மார்கழியில் சந்தைக்குப் போய் மாம்பழம் கேட்க மாட்டோம். அவரையிடம் மட்டும் சித்திரையில் கேட்கிறோம்.

இப்போது என்ன செய்வது? கொடியை வைத்துக்கொள்ளலாம். நீர் அளவாக விடுங்கள், உரம் வேண்டாம். அந்த நிழல் கீழ்த்தளத்துக்குக் குளிர்ச்சி, மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் எடுத்துவிட்டு ஆடியில் புதிதாக விதையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். பூ எடுக்கும் மாதங்களில் பந்தலுக்கு மேல் இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டாம். எல்லா மாதமும் காய் வேண்டும் என்றால் செடி அவரை என்று கேட்டு வாங்குங்கள். குட்டையாக வளர்வது. அது பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ருசி... சரி, அதை நீங்களே தின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளி விஷயம் சின்னது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். யார் ஊற்றினாலும் உதிரும். அந்தச் செடிகளை எடுத்துவிட்டு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றுங்கள். வெயில் அவற்றுக்குப் பிடிக்கும். மிச்சப் பைகளை அக்னி நட்சத்திரம் முடியும்வரை சும்மா விடுங்கள். மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி, தொழு உரம் கலந்து நிரப்பி, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடி வையுங்கள். பாதிப் பைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை என்பதால் மோட்டாரும் ஓயும்.

சும்மா விடுவது என்றதும் உங்களுக்குக் கை பரபரக்கும் என்று தெரியும். 34 ஆண்டுகள் வந்த கோப்பை அன்றே தள்ளிய கை. ஆனால் தோட்டத்தில் தேங்குவதெல்லாம் நிலுவை ஆகாது. குண்டு மல்லியைப் பாருங்கள். கார்த்திகை வாக்கில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மொட்டையாக வெட்டுவார்கள். இரண்டு மாதம் தோட்டமே விறகுக் குச்சி நட்டதுபோல் கிடக்கும். அப்போது போய்ப் பார்த்தால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். பங்குனியில் கூடை கூடையாகப் பூ எடுப்பது அந்தக் குச்சிகளிலிருந்துதான். மஞ்சளும் அப்படித்தான். இலை பழுத்துச் சாய்ந்தால் செடி போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்.

கடைசியாக, உங்கள் செங்காந்தள். நல்லவேளை, தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன் என்று நீங்கள் எழுதவில்லை. என் முதல் செங்காந்தளை நான் அப்படித்தான் கொன்றேன். மேலே காய்ந்த சருகு. மண்ணாவது கீரைக்கு ஆகட்டும் என்று ஒரு மாசி மாதம் தொட்டியைத் தலைகீழாகத் தட்டினேன். மண்ணோடு ஒரு கிழங்கு வந்து விழுந்தது. இரண்டு கிளையாக, ஏர்க்கலப்பையைப் போல. கலப்பைக் கிழங்கு என்று அதற்குப் பேர் இருப்பது எனக்கு அதுவரை ஏட்டில்தான் தெரியும். கல்போல் கெட்டியாக, உயிரோடு இருந்தது. பதறி மறுபடி புதைத்தேன். ஆனால் விழுந்த வேகத்தில் இரண்டு கிளையின் நுனியும் நசுங்கியிருந்தன. செங்காந்தளுக்கு முளை வருவது அந்த நுனியில்தான், அது போனால் போனதுதான். ஆடி போய், கார்த்திகையும் போயிற்று. ஒன்றும் வரவில்லை.

உங்கள் தொட்டியில் கிழங்கு தூங்குகிறது. மூடி வைத்த பைகளின் பக்கத்திலேயே, மழைச்சாரல் படாத ஓரமாக வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். பேரக்குழந்தைகள் வந்து மண்ணைக் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிழங்கு கொடிய நஞ்சு. ஆடியில் முதல் மழை விழுந்ததும் வெளியே எடுத்து வைத்தால் போதும். இப்போதே தொட்டியின் விளிம்போரமாக, கிழங்கில் படாமல், ஒரு மூங்கில் குச்சியை ஊன்றிவிடுங்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முளை வந்தபின் இலைநுனியால் சுற்றிப் பிடித்துக்கொள்ளவும் அதற்கு ஒன்று வேண்டும்.