பம்ப் போத்தலில் 20 மில்லி

வணக்கம் அக்கா,

இப்போது விடியற்காலை மணி 3.40. மகன் என் மடியில் தூங்குகிறான். கீழே படுக்க வைத்தால் எழுந்துவிடுவான் என்பதால் ஒற்றைக் கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு வயது 29. பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் மாமா, அத்தையோடு இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. இது முதல் குழந்தை, இன்றோடு 26 நாள்.

வலி வருவதற்கு மருந்து வைத்து 19 மணி நேரம் காத்திருந்தேன். பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று அவசரமாக ஆப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் அழுத சத்தம் கேட்டது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த நிமிஷம் கண்ணீர் கொட்டும் என்று எல்லாரும் சொல்வார்களே, எனக்கு ஒன்றும் வரவில்லை. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. 'சரி, முடிந்தது' என்று மட்டும் நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்தபோது எடை 3.1 கிலோ. நான்காம் நாள் மஞ்சள் ஏறிவிட்டது என்று திரும்பச் சேர்த்து இரண்டு நாள் லைட்டில் வைத்தார்கள். அப்போது 2.85. பால் பத்தவில்லை, பால் மாவும் கொடுங்கள் என்றார்கள். 12-ஆம் நாள் 2.95. நேற்று 3.35.

இப்போது என் பாலும் கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு நான்கு முறை போத்தலும் கொடுக்கிறேன். அவன் வாய் வைக்கும்போது வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொள்வேன், காம்பு வெடித்திருக்கிறது. பம்ப் வைத்தால் இருபது நிமிஷத்துக்கு 20 மில்லி வருகிறது. அந்தப் போத்தலை பிரிட்ஜில் வைத்தால், அத்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எனக்கு நாலு பிள்ளைக்கும் பால் சேலைய நனைக்கும்" என்பார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பாடுபட்டவர். மாமாவை சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு அனுப்பி பால் சுறா வாங்கிவரச் சொல்லி புட்டு செய்து தருகிறார். எனக்காகப் பூண்டு உரித்தே அவர் விரல் எரிகிறது. தண்ணீர் மட்டும் அளந்துதான் தருவார். நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடுமாம்.

என் அம்மா இல்லை. மூன்று வருஷம் ஆகிறது.

கணவரின் 7 நாள் லீவு முடிந்து நைட் ஷிப்டுக்குப் போகிறார். பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டபோது வந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "சுகப்பிரசவம் இல்லையா? பாலும் இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவன் இரண்டு மணி நேரம் அழுதான். தொட்டிலில் போட்டுவிட்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் கேட்காமலிருக்க பைப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சில நாள் அப்படியே லிப்டில் இறங்கி எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. 98 நாள் லீவில் 26 போய்விட்டது. கிளினிக் சுவரில் 'சுசு இபு' (தாய்ப்பால்) போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே பால் கொடுக்கிறாள். அவளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஆப்பரேஷன் காயம் ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, பரவாயில்லை.

நான் நல்ல அம்மாவாக இருக்கவே மாட்டேனா?

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி


அன்புள்ள தங்கைக்கு,

'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஈரத்திலிருந்தே தொடங்குகிறேன். 26 நாளான காயம் காய்ந்திருக்க வேண்டும். இன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள். காய்ச்சலோ, சீழோ, நாற்றமோ, சுற்றிலும் சிவந்து வீங்கியோ இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனின் எடை நான்கு இடங்களில் வருகிறது, புள்ளிக்குப் பிறகு உள்ள எண்ணைக்கூட விடாமல். உங்கள் காயத்துக்குக் கிடைத்தது ஒரு வரி. எப்போது தூங்கினீர்கள் என்பது எங்குமே இல்லை. பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று உங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் கேள்விக்கான பதிலை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பிறந்த சில நாள்களில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் இளைக்கும். பத்தில் ஒரு பங்கு வரை குறைந்தால் தாதியர் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். உங்கள் மகன் அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு வாரத்தை ஒட்டிப் பிறந்த எடை திரும்ப வேண்டும். மஞ்சள் வந்து லைட்டில் கிடந்த பிள்ளைக்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கலாம். பிறகு 13 நாளில் 400 கிராம், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 30 கிராம் ஏறியிருக்கிறான். நல்ல ஏற்றம். பெம்பர்ஸ் ஒரு நாளைக்கு ஆறாவது நன்றாக நனைகிறது என்றால் இன்னும் நிம்மதி. அதில் பால் மாவுக்கும் பங்கு உண்டு. இருக்கட்டுமே. தராசில் அது தனியாகத் தெரியாது.

அடுத்து அந்த 20 மில்லி. பம்ப் கறப்பதை வைத்து உங்களிடம் உள்ள பாலை அளக்க முடியாது. பிள்ளையின் வாயும் நாக்கும் செய்கிற வேலையை இயந்திரம் பாதிதான் செய்யும். பால் உண்டாவதற்கு ஒரு சுரப்பு, உண்டான பால் இறங்கி வருவதற்கு இன்னொன்று. இரண்டாவதான ஆக்ஸிடோசின், பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே சுரக்கும், பயத்திலும் வலியிலும் தயங்கி நிற்கும். இந்தப் போத்தலை அத்தை தூக்கிப் பார்ப்பாரே என்று நினைத்துக்கொண்டே நீங்கள் பம்ப் வைக்கிறீர்கள். அது எப்படி இறங்கும்? சிரிக்காதீர்கள், ஒரு வழி சொல்கிறேன்: போத்தலுக்கு ஒரு காலுறையை மாட்டிவிடுங்கள். அளவு உங்கள் கண்ணுக்கும் தெரியாது, பிரிட்ஜில் வைத்தால் மற்றவர் கண்ணுக்கும் தெரியாது.

தொடக்கத்தில் ஏன் குறைந்தது என்றால், நீண்ட வலி, அவசர ஆப்பரேஷன், பிறகு இரண்டு நாள் பிள்ளை லைட்டின் கீழ். பிள்ளை சப்பச் சப்பத்தான் உடம்புக்குத் தகவல் போகும். அந்த நாள்களில் தகவல் சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான். காம்பு வெடித்திருப்பதற்கு அவன் நுனியை மட்டும் பிடிப்பது காரணமாக இருக்கலாம். வாயை அகலத் திறந்த பிறகு, காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியும் உள்ளே போகும்படி அணைக்க வேண்டும், அவன் தாடை மார்பில் படிய வேண்டும். வயிற்றுக் காயத்தில் உதைபடாமலிருக்க அவனைப் பக்கவாட்டில், உங்கள் அக்குளுக்குக் கீழே வைத்துக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தில் இது சரியாக வராது. காயத்தைக் காட்டப் போகிற அன்றே தாய்ப்பால் பயிற்சி பெற்ற தாதி முன்னால் ஒரு முறை கொடுத்துக் காட்டுங்கள். அவன் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைப் பற்றி ஒரே வார்த்தை: தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பூண்டும் சுறாப் புட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் போஸ்டர் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் ஒருங்கிணைத்துவரும் உலகக் கூட்டமைப்புக்கு நம் பினாங்குதான் தலைமையிடம். தாய்க்குச் சுற்றியிருப்பவர்களின் துணை வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள். சுவரில் ஒட்டும்போது மட்டும் எப்படியோ தாயும் பிள்ளையும் தனியாகவே இருக்கிறார்கள். அந்தப் பெரியம்மா சொன்ன 'சுகப்பிரசவம்' என்ற வார்த்தையும் எனக்குப் பிடிப்பதில்லை. 19 மணி நேர வலியும் அறுவையும் தாண்டிப் பிள்ளையும் நீங்களும் உயிரோடு வந்திருக்கிறீர்கள், அதற்கு நம்மிடம் ஒரு நல்ல பெயர் இல்லை.

இனி உங்களைப் பற்றி. "என் அம்மா இல்லை" என்று எழுதி, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதமே அந்த இடைவெளிதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்மில் சும்மா வந்த பழக்கம் இல்லை. தாய் வீட்டில் "தண்ணி குடும்மா, செத்துருவேன் போலிருக்கு" என்று கத்தலாம். போத்தலைத் தூக்கிப் பார்த்தால் பிடுங்கி வைக்கலாம். மாமியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே நன்றி சொல்லத்தான் வாய் வரும், கோபப்பட வராது. அந்தக் கோபம் எங்கே போகும்? உங்கள் மேலேயே திரும்பியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் அழுது முடித்த அம்மாவை இந்த 26 நாளில் மறுபடியும் இழந்துகொண்டிருக்கிறீர்கள், அதுவும் தினமும் விடியற்காலையில்.

அறுவை மேசையில் கண்ணீர் வராதது குற்றம் இல்லை. 19 மணி நேரக் களைப்பும் மயக்க மருந்தின் நடுக்கமும் இருக்கும்போது எந்தப் பாசமும் மெதுவாகத்தான் வரும். பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். எழுந்துவிடுவானே என்று மணி 3.40-க்கு ஒற்றைக் கையால் எனக்கு எழுதினீர்களே, அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

குளியலறை விஷயத்திலும் முதல் பாதி சரி. தாங்க முடியாதபோது பிள்ளையைப் பத்திரமான இடத்தில் போட்டுவிட்டுச் சில நிமிஷம் விலகி நிற்கத்தான் நாங்களும் சொல்வோம். எவ்வளவு நேரம் என்று தெரியாததும், லிப்டில் இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றுவதும்தான் என்னை யோசிக்க வைக்கிறது. பிரசவம் முடிந்த முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். கிளினிக்கில், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலைக் கேளுங்கள். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது, கடந்த 7 நாளைப் பற்றிப் பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு. பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. 'பரவாயில்லை' என்று எழுதுகிற உங்கள் பழக்கத்தை அந்தத் தாளில் மட்டும் விட்டுவிடுங்கள்.

பூசி மெழுகாமல் நானும் இப்போதே கேட்கிறேன். செத்துவிடலாம் என்றோ, பிள்ளைக்கு எதுவும் செய்துவிடுவோமோ என்றோ நினைப்பு வந்திருந்தால், இந்தப் பதிலை இத்தோடு நிறுத்திவிட்டுக் கணவரை எழுப்புங்கள். அவர் வேலையில் இருந்தால் அத்தையை எழுப்புங்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். அவ்வளவு இல்லை, ஆனால் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சுகாதார அமைச்சின் உதவி எண் 15555 இருக்கிறது. மனம்விட்டுப் பேச உதவும் பிப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 03-7627 2929-இல் இராத்திரியிலும் எடுப்பார்கள். பேச்சோடு மருந்தும் தேவைப்பட்டால், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. பால் போய்விடும் என்ற பயத்தில் டாக்டரைத் தள்ளிப் போடாதீர்கள்.

கணவர் இதைப் படிக்கட்டும். தம்பி, வேலை முடிந்து வந்ததும் முதல் போத்தலை நீங்கள் கொடுங்கள், அடுத்ததை உங்கள் அம்மா கொடுக்கட்டும். அந்த நான்கு மணி நேரம் இவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். மார்பு கட்டினால் எழுந்து பம்ப் வைத்துக்கொள்வார். காலையில் ஒரு வேளை தவறினால் பால் வற்றிவிடாது. உங்களுக்கும் தூக்கம் வரும், தெரியும். அவர் வயிற்றில் தையல் இருக்கிறது.

கடைசியாக அத்தை. என் அம்மாவும் பால்மரம் சீவியவர்தான். விடியும் முன் என்னை ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் போட்டுவிட்டு ரப்பர் மர நிரைக்குப் போவார், மரப்பாலை எடை போட்டு முடித்துத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். இடையில் எனக்கு டின் பால்தான். உங்கள் அத்தை 'சேலைய நனைக்கும்' என்று சொல்வதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்து குடித்திருந்தால் சேலை ஏன் நனைய வேண்டும்? அடுத்த முறை அவர் பூண்டு உரிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப பிள்ளை யார்கிட்ட இருந்துச்சு அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள்.