இரண்டாவது டிகிரி: விண்ணப்பம் போடுவதற்கு முன்

கணக்குத் துறையில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் பிசியோதெரபி படிக்கலாமா, வயது கடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடப் படிப்பு என்றே வைத்துக்கொண்டாலும் முடிக்கும்போது உங்களுக்கு 39. அறுபது வரை உழைத்தால் இன்னும் 21 வருடம் கையில் இருக்கிறது. சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது முதல் மாதம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். அதனால் வயதை விடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது, நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு டிகிரி சட்டப்படி கட்டாயமா என்பதைத்தான். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, வழக்கறிஞர் தொழில் போன்றவற்றில் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் இல்லாமல் பெரும்பாலான நாடுகளில் தொழில் செய்யவே முடியாது. அங்கே குறுக்கு வழி கிடையாது, படித்துத்தான் ஆக வேண்டும். மென்பொருள், டிசைன், மார்க்கெட்டிங் பக்கம் நிலைமை வேறு. அந்த வேலைகளுக்கான விளம்பரங்களில் ஓர் இருபதை எடுத்து, தகுதி என்ற வரியை மட்டும் படித்துப் பாருங்கள். ‘அல்லது அதற்கு இணையான அனுபவம்’ என்று பலவற்றில் போட்டிருந்தால், மூன்று வருடம் கல்லூரியில் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. சிலர் கல்லூரிகளின் பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டு, வேலையைப் பிறகு யோசிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரி சேர்க்கத்தான் பார்க்கும், அதைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் டிகிரி தேவை. ஆனால் மறுபடி இளநிலையிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பிசியோதெரபி என்பதே இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு, பொதுவாக 3 வருடம் படிக்கும் முனைவர் நிலைத் தொழிற்படிப்பு. பிரிட்டனில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு 2 வருட முதுநிலைப் படிப்பு உண்டு, ஆனால் முதல் பட்டம் தொடர்புடைய துறையில் இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். மற்றத் துறைகளிலும் இப்படி உண்டு. இந்தியாவில் எந்தப் பட்டதாரியும் மதிப்பெண் தகுதி இருந்தால் 3 வருட எல்.எல்.பி.யில் சேரலாம். நீங்கள் வணிகவியல் படித்தவர் என்பதால் உயிரியலும் இயற்பியலும் தடையாக நிற்கும். எந்தெந்தப் பாடம் முன்தகுதி, எப்போது படித்ததை ஏற்பார்கள் என்று சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனில் சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது பணம். இரண்டாவது பட்டத்துக்கு உதவி குறைவு. அமெரிக்க அரசின் பெல் உதவித்தொகை, இளநிலைப் பட்டம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. இங்கிலாந்தில் அதே நிலையில் இன்னொரு பட்டம் படிக்க அரசு கல்விக் கட்டணக் கடன் பெரும்பாலும் தராது, நர்சிங் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரிய செலவை விட்டுவிடுகிறார்கள். அது நீங்கள் வாங்காமல் விடும் சம்பளம். இப்போதைய மாதச் சம்பளம் 100 என்று வையுங்கள். 2 வருடம் வேலையை விட்டால் 2,400 போகிறது. கட்டணம் 600 என்றால் மொத்தம் 3,000. புதிய வேலையில் 150 கிடைத்தால் மாதம் 50 கூடுதல், போட்டதை எடுக்க 60 மாதம். புதிய வேலை 80-இல் தொடங்கினால், சம்பளம் 100-ஐத் தாண்டும்வரை நஷ்டம் கூடிக்கொண்டேதான் போகும். அப்போதும் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் பணத்துக்காகப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கைத் துணையோடு உட்கார்ந்து போடுங்கள், முடிவெடுத்த பிறகு அறிவிப்பது வீண் சண்டையில் முடியும்.

கடைசியாக, வேலையை நேரில் பாருங்கள். அனுமதி கேட்டு, ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவில் சில நாட்கள் முழு நேரமும் நில்லுங்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்தவர் வலியில் திட்டுவார், அவரிடம் ‘இன்னும் கொஞ்சம் மடக்குங்கள்’ என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். உங்களைவிட எடை கூடியவரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத வேண்டும், அலுவலக வேலையிலிருந்து தப்பிக்க வருபவர்கள் எதிர்பார்க்காத பகுதி அது. அங்கே இருப்பவர்களில் படிப்பு முடித்து ஓரிரு வருடமே ஆனவரைத் தேடிப் பேசுங்கள், முதல் சம்பளம் எவ்வளவு, வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள்.

அதையும் பார்த்த பிறகு ஆசை மாறவில்லை என்றால், வேலையில் இருந்துகொண்டே உயிரியல் முன்தகுதிப் பாடம் ஒன்றை மாலை நேரத்திலோ ஆன்லைனிலோ எடுங்கள். சேரப்போகும் கல்லூரி அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ராஜினாமாக் கடிதத்தைச் சேர்க்கை உறுதியாகிக் கையில் கிடைத்த பிறகு எழுதினால் போதும்.