மண்டையைத் திறக்காமல் வலிப்பைத் தீர்க்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 27. ஒன்பது வயதிலிருந்தே வலிப்பு இருக்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பான். அடுத்த நொடி பார்வை நிலைகுத்தி, எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைப்பான். கார்பமசெபைன், லெவெடிரசெட்டம், குளோபசாம் என்று வலிப்பு மாத்திரைகள் எல்லாம் தவறாமல் கொடுத்தும் மாதம் நான்கைந்து முறை வருகிறது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி வலப்பக்கம் சுருங்கியிருப்பதால் அறுவை செய்யலாம் என்கிறார்கள். என் தம்பியோ, மண்டையைத் திறக்க வேண்டாம், கரண்ட் வைத்தாலே போதும் என்கிறான். எதைக் கேட்பது?
– ஒரு தாய், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் தம்பி சொல்வது கற்பனையன்று, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் கரண்ட் என்று சொல்லப்படுவது மின்சாரமே அல்ல, கதிர்வீச்சு. அதைப் புற்றுநோய்க்குக் கொடுப்பதுபோல் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், மூளையின் ஒரு சிறு புள்ளியில் ஒரே நாளில் குவிக்கும் முறையை 1951இல் முன்வைத்தவர் ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். அதற்குப் பயன்படும் காமா நைஃப் என்னும் கருவியின் பெயரில் மட்டும்தான் கத்தி இருக்கிறது. கல்லணையில் ஒரே ஆறு காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று பிரிந்து போகிறதல்லவா, அதைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள்: கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் ஏறத்தாழ இருநூறு மெல்லிய கதிர்கள், போகும் வழியில் அதிகம் சேதம் செய்யாமல், ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. தலை அசையாதிருக்கப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு சட்டத்தைத் திருகிப் பொருத்துவார்கள். ஆகவே துளிகூடக் குத்தாத சிகிச்சை என்றும் சொல்லிவிட முடியாது.

உங்கள் மகனுக்கு இருப்பதைப் போன்ற வலிப்புக்கு இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அதில் 58 பேர் பங்கேற்றனர். மூன்றாம் ஆண்டில் வலிப்பின்றி இருந்தவர்கள், அறுவை செய்துகொண்டவர்களில் 78 சதவீதம்; கதிர் பெற்றவர்களில் 52 சதவீதம். சிறிய ஆய்வுதான் என்றாலும், அறுவைக்கு ஏற்ற உடல்நிலையில் இருக்கும் 27 வயது இளைஞருக்கு நான் முதலில் சொல்வது அறுவையைத்தான்.

இன்னொன்றையும் உங்கள் தம்பி அறிந்திருக்க மாட்டார். அறுவையின் பலன் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். கதிரின் பலனோ ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு கழித்தே தெரியும். இடைப்பட்ட மாதங்களில் அந்த 'மேலே ஏறும்' உணர்வு சிலருக்குக் கூடுவதும், மூளையில் வீக்கம் கண்டு தலைவலி வந்து வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மருந்து கொடுக்க நேர்வதும் உண்டு. பார்வைப் பரப்பின் ஓரம் சற்றுக் குறையும் வாய்ப்பு இரு முறைகளிலும் இருக்கிறது.

அப்படியானால் கதிர் யாருக்கு? கத்தி எளிதில் எட்டாத ஆழத்தில், உதாரணமாக மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், கட்டி இருப்பவர்களுக்கு. இதய நோய் போன்ற காரணங்களால் அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கு. எல்லாம் விளக்கிய பிறகும் அறுவை வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு. எதைத் தேர்ந்தாலும், வலிப்பு புறப்படும் இடம் அந்தச் சுருங்கிய பகுதிதானா என்பதை வீடியோ இஇஜி (வீடியோ எடுத்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) மூலம் உறுதிசெய்தாக வேண்டும். அதற்குச் சில நாள்கள் மருத்துவமனையில் தங்க நேரும். 1995 முதல் வலிப்புக்கு அறுவை செய்துவரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: கதிர் கொடுத்தால் முடி கொட்டுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கதிர்கள் ஆழத்தில் மட்டும் குவிவதால் முடி பெரும்பாலும் கொட்டாது. மாத்திரையை நிறுத்தவே கூடாது. பலன் தெரியும்வரை அதுதான் காவல். வலிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காத்திருக்கும் அந்த ஓரிரு ஆண்டுகளில் வண்டி ஓட்டுவதும், பம்புசெட்டுத் தொட்டியிலோ ஆற்றுப் படித்துறையிலோ தனியாகக் குளிப்பதும் ஆகாது. ஆடிப்பெருக்கன்று ஊரே கரையில் நின்றாலும், கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூடவே இறங்க வேண்டும்.