அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் ‘கிரேஸ்’ ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

“‘அல்லேலூயா’ ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வெறும் கத்தல்” என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். ‘எடர்னல் லைஃப்’ பாட்டில் கிதார் இடிக்கத் தொடங்கியதும் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரசனை அவரவருடையது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ‘கத்தல்’ என்ற சொல்லைப் படித்தபின் பேசாமல் போக மனம் வரவில்லை.

எனக்கு ஆறு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். மெல்லிசைக் குழுப் பாடகர். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அவர் குரலை அறியாதவர்கள் குறைவு. அதே குரல் எனக்கும் வாய்த்தது. இருபத்திரண்டு வயதில் முதல்முறை மேடையேறியபோது அறிவிப்பாளர் என் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மகன்’ என்றார். கைதட்டல் எழுந்தது. மூன்றாவது வரிசையில் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றிரவு கீபோர்டு வாசிக்கும் நண்பன் தன் அறையில் இந்த ஆல்பத்தைப் போட்டான். பத்தாவது பாட்டு, ‘ட்ரீம் பிரதர்’. கர்ப்பிணியான காதலியை விட்டுப் போகவிருந்த ஒரு நண்பனிடம், என் தகப்பன் செய்ததை நீயும் செய்துவிடாதே என்று ஜெஃப் மன்றாடுகிற பாட்டு என்று அவன் சொன்னான். நான்கு முறை திரும்பப் போடச் சொன்னேன்.

ஜெஃபின் தந்தை டிம் பக்லியும் பெயர்பெற்ற பாடகர். மகனோடு வாழாமலேயே 1975இல் 28 வயதில் இறந்துபோனார். எட்டு வயது ஜெஃபை இறுதிச் சடங்குக்கு யாரும் அழைக்கவில்லை. 1991இல் புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் டிம்முக்கு நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில், அந்த மகன் தகப்பனின் பாட்டுகளையே பாடினார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நியூயார்க்கில் ‘ஷின்னே’ என்ற சிறிய காபிக்கடையில் ஒற்றைக் கிதாரோடு பாடிப் பாடித்தான் அவர் தன் குரலைத் தேடிக்கொண்டார். பாகிஸ்தானியப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவாலியை, அந்த சூஃபி பக்திப் பாட்டைக்கூட, அங்கே பாடியிருக்கிறார். நீங்கள் கத்தல் என்பதை நான் ஆலாபனை என்பேன். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுருதி பிசகாமல் மேலே மேலே ஏறுகிற வழியை அவர் நுஸ்ரத்திடம் கேட்டுப் பழகினார் என்பது என் காதுக்குத் தெரிந்த உண்மை.

‘அல்லேலூயா’ அவர் எழுதியதல்ல, கனடாவின் பாடகரும் கவிஞருமான லெனர்ட் கோஹனுடையது. பத்துப் பாட்டுகளில் மூன்று பிறருடையவை. மீதி ஏழும் அவர் தனியாகவோ கூட்டாகவோ எழுதியவை. அவற்றைத் தள்ளிவிட்டு இந்த ஒன்றை மட்டும் எடுப்பது, சமைத்தவரின் கைப்பக்குவத்தை ஊறுகாயை வைத்து எடைபோடுவது போல.

“1997இல் ஆற்றில் மூழ்கி முப்பது வயதில் இறந்ததால்தான் இந்தப் புகழ்” என்று யாராவது வருவார்கள். 1994இல் ஆல்பம் வெளியானபோது அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 149ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை என்பது மெய்தான். ஆனால் அடுத்த ஆண்டே, அவர் உயிரோடு இருக்கையிலேயே, பிரான்ஸில் சிறந்த இசைத்தட்டுகளுக்கு ஷார்ல் குரோ அகாதமி தரும் பெரும்பரிசு கிடைத்தது. கேட்கிற காதுகள் அப்போதும் இருந்தன.

எங்கள் கல்யாண மண்டபங்களில்தான் அவை இல்லை. வரவேற்பில் மூன்று மணி நேரம் தொண்டை வறளப் பாடுகிறோம். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பந்தி முடிந்தபின் மிச்சமிருந்தால் சாப்பாடு. பேசிய தொகையில் பாதியைக் கையில் வைத்துவிட்டு மீதி அடுத்த வாரம் என்கிறார்கள். சென்ற தையில் பாடியதற்கு இன்னும் வரவில்லை. வாசித்தவர்களுக்கு நான்தான் என் கையிலிருந்து கொடுத்தேன். கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். பாடுகிறவனின் உழைப்பைக் கத்தல் என்று ஒரு சொல்லில் தள்ளியதைப் படித்ததும் இதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

எட்டாவது பாட்டில் தொடங்குங்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த பழைய கிறிஸ்தவப் பாடல் அது. மூச்சுவிடப் பயந்தவர்போல அவ்வளவு மெல்லப் பாடியிருப்பார். அது அடங்கியதும் நீங்கள் நிறுத்திய ‘எடர்னல் லைஃப்’ வரும். இந்த முறை நிறுத்தாதீர்கள். அதற்கடுத்து ‘ட்ரீம் பிரதர்’.